பிள்ளைகள்: இல்லை

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடை வாசலை ஒட்டி ஒரு மேசை, அதன் மேல் கணினி, பிரிண்டர், பசை டப்பா. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைத் தெருவே டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடும். தட்டச்சு மெஷின் பழைய இரும்புக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம், பாஸ்போர்ட், விசா என்று எந்தப் படிவமானாலும் அவளிடம் போனால் வேலை சுத்தம். அவள் நிரப்பிக் கொடுத்தது திரும்பி வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இது அவளுக்கும் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

வருகிறவர்கள் சும்மா வரமாட்டார்கள், ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். கல்யாணம் ஏன் தள்ளிப்போனது, தம்பி ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறான், மாமியார் வாசலில் நின்று என்ன சொன்னாள் என்று ஆரம்பிப்பார்கள். அவள் காது கொடுக்கவே மாட்டாள். "கதை வேணாம், தேதியச் சொல்லுங்க" என்பாள். கட்டத்துக்குள் அடங்குகிறது எதுவோ அதுதான் விஷயம், மற்றதெல்லாம் வம்பு. எங்காவது முரண்பட்டு விளக்கக் கடிதம் கேட்டுவிட்டால், அதற்கும் அவளிடம் காரணங்கள் தயாராக இருந்தன. அறியாமையினால், மொழி புரியாமையினால், அவசரத்தினால். மனுஷன் செய்கிற தப்பு எதையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் தள்ளிவிடலாம் என்பது அவள் கட்சி. அதிகாரிகளும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுப் படிவமே ஒருநாள் திரும்பி வந்தது.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுடைய முதல் கணவர் இறந்து ஒன்பது வருஷம். ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த ஒருவர் விடுப்பில் வந்தபோது, பாஸ்போர்ட் புதுப்பிக்க அவள் மேசைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. கேட்ட தேதியை மட்டும் சொன்னார், கதை சொல்லவில்லை. அதற்கே அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த விடுப்பில் பதிவுத் திருமணம், எதிர் அலுவலகத்திலேயே. சாட்சிக் கையெழுத்து ஜெராக்ஸ்காரர்.

திருமணத்துக்கு முந்தின நாள், அப்போது பதினான்கு வயதான மகள் அவரைத் தனியாக நிறுத்தி ஒன்று சொன்னாள். "நான் ஒருத்தருக்குத்தான் மகள். அவர் இல்ல இப்போ. உங்களுக்கு நான் யாரும் இல்ல, நீங்களும் அப்படி எங்கயும் சொல்லிக்கக் கூடாது. இதுக்குச் சம்மதம்னா கல்யாணம் பண்ணிக்கங்க." அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சம்மதம்மா, சொல்ல மாட்டேன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாக்காரி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சின்னப் பிள்ளை பேச்சு, காலப்போக்கில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அவர் வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார், போவார். மற்றபடி போன்தான். அவருக்கும் மகளுக்கும் நடுவே பேச்சு முழுக்க இவள் வழியாகத்தான் நடந்தது. பரீட்சை எப்படி எழுதினாள் என்று அவர் கேட்பார். மகள் "ப்ச்" என்பாள். அது போன வழியில் "நல்லா எழுதியிருக்காளாம், உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னா" என்று ஆகிவிடும். அவர் பதிலுக்கு "சரி" என்பார். அது இந்தப் பக்கம் வரும்போது "ரொம்ப சந்தோஷப்பட்டாரு" என்று வந்து சேரும். இரண்டு பக்கமும் வெற்றுக் கட்டத்தை இவளே நிரப்பிக்கொண்டிருந்தாள். கை பழகிய தொழில், விடுமா?

மூன்றாவது வருஷம் அவருக்கு அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி வந்தது. மனைவியையும், மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு கோப்பு. ஒரே ஒரு கண்டிப்பு, பிள்ளை பதினெட்டு முடிவதற்குள் அந்த நாட்டுக்குள் காலை வைத்துவிட வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் அந்தக் கோப்பு செல்லாது. மகளுக்குப் பதினேழரை நடந்துகொண்டிருந்தது. மகள் வரவில்லை என்றால் தானும் போவதில்லை என்று டைப்பிஸ்ட் அக்கா முதலிலேயே முடிவு செய்துவிட்டாள். ஆக மகளின் விசாவில்தான் அந்தக் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கோப்பையும் அவளே உட்கார்ந்து நிரப்பினாள். பிழை பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்தாலும் கிடைக்காது. ஆறு வாரத்தில் பதில் வந்தது. திருமணமான கையோடு அங்கே போய் உங்கள் கணவர் கொடுத்த தகவல் படிவத்தில், மனைவியின் பிள்ளைகள் உட்படப் பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். இப்போது பதினேழு வயதில் ஒரு மகள் எங்கிருந்து வந்தாள்? மறைக்கப்பட்ட பிள்ளையைச் சேர்க்க விதியில் இடம் இல்லை, தகுந்த காரணம் இருந்தால் ஒழிய. மூவரும் தனித்தனியே நேர்காணலுக்கு வர வேண்டும்.

அவள் கடிதத்தை மூன்று தரம் படித்தாள். ஊர்ப் படிவமெல்லாம் நிரப்பியவளுக்கு, அந்த ஒரு படிவம் மட்டும் கண்ணில் படாமல் போயிருக்கிறது. உடனே போனைப் போட்டாள்.

"என்னங்க, பிள்ளைகள்ங்கிற இடத்துல இல்லைன்னு எழுதினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"அவகிட்ட வாக்குக் குடுத்திருந்தேன்ல. எங்கயும் சொல்லக் கூடாதுன்னா. எழுதுறதும் சொல்றதுதானே."

அவளுக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி அடித்திருப்பாள். ஜெராக்ஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், அடிக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண் ஏதோ சொன்னாளாம், அதை அரசாங்கத்துப் படிவத்தில் கொண்டுபோய் எழுதினாராம். இப்படி ஒரு மனுஷனை எங்கே போய்த் தேடுவது! திட்டித் தீர்த்த பிறகு தொழில் புத்தி திரும்பியது. கேள்வி புரியவில்லை, சொந்தமாகப் பெற்ற பிள்ளையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன், இதுதான் பதில் என்று அவள் முடிவு கட்டினாள்.

"புரிஞ்சுதான் எழுதினேன்" என்றார் அவர்.

"புரிஞ்சுதான்னு சொன்னா கதை முடிஞ்சுது. மறைச்சீங்கன்னு ஆயிடும்."

அவர் தொழிலில் மெஷின் அறைக்குள் ஒரு நோட்டு தொங்கும். கதவு சென்ஸரைக் கழற்றி வைத்தால் கழற்றினேன் என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவன் அதை நம்பித்தான் லிஃப்ட் குழிக்குள் இறங்குவான். இருபது வருஷம் அப்படி எழுதிய கை. இவளுக்கு அதெல்லாம் தெரியும், இருந்தாலும் அவர் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மகளிடம் விஷயத்தைச் சொன்னபோதுதான், அவர் 'இல்லை' என்று எழுதியது அவளுக்குத் தெரியும். முகம் ஒரு மாதிரி ஆனது. ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டாள். கேள்வி புரியவில்லையாம் என்று அம்மா சொல்லிவிட்டு, டைப் செய்த இரண்டு தாளைக் கையில் கொடுத்தாள். நாற்பத்திரண்டு கேள்வி, நாற்பத்திரண்டு பதில். அதே தாள் அவருக்கும் போயிருந்தது. அன்று சாயங்காலம் மகள் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நாலைந்து நிமிஷம் கழித்து வந்து வைத்தாள். தோழியோடு பேசியிருப்பாள் என்று இவள் கேட்கவில்லை.

நேர்காணலுக்கு முன் பத்து நாள் அவள் மகளை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்னாள். மகள் கடகடவென்று ஒப்பித்தாள். அவரோ போனில் எல்லாவற்றுக்கும் "ம்" போட்டார். டைப்பிஸ்ட் அக்காவுக்கு இரண்டு பேர் மேலேயும் திருப்தி இல்லை. ஒன்று முரடு, இன்னொன்று மண்ணு, நான் இல்லாவிட்டால் இதுகள் இரண்டும் ஒரு வேளைகூடத் தாக்குப்பிடிக்காது என்று ஜெராக்ஸ்காரரிடம் புலம்பினாள். "தபால்காரிக்குச் சம்பளம் உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

கணவருடைய நேர்காணல் அங்கே ஒருநாள் முன்னதாக முடிந்தது. என்ன கேட்டார்கள் என்றதற்கு, "கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

மறுநாள் இவர்கள் முறை. விசா அலுவலகத்தில் டோக்கன், நீளமான இரும்பு நாற்காலிகள், சுவரில் எண்கள் மாறிக்கொண்டிருக்கும் பலகை. பதினாறு தாண்டியவர்கள் தனியாகத்தான் போக வேண்டுமாம், மகளை முதலில் கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம் ஆனது. வெளியே வந்தவளிடம் பேச விடாமல் ஒரு காவலாளி வேறு வரிசையில் உட்கார வைத்தார். அடுத்து இவள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. ஜலதோஷம் போல, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பொதுவான கேள்விகள் சில போன பிறகு விஷயத்துக்கு வந்தாள். உங்கள் கணவர் ஏன் இல்லை என்று எழுதினார்?

"அவருக்குக் கேள்வி புரியலங்க. தான் பெத்த பிள்ளையத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சுட்டார்."

"உங்க மகளுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

"இல்லங்க. அவளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "அவசரம் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

தன் மேசைக்கு வருகிறவர்களிடம் அவளே எத்தனை தரம் சொல்லியிருப்பாள், யோசிச்சுச் சொல்லுங்க என்று அதிகாரி சொன்னால் அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று. தன் முதுகு தனக்குத் தெரியாது. யோசிக்க ஒன்றுமில்லை, அதுதான் நடந்தது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் மகளைக் கேட்டாள், சொன்ன மாதிரி சொன்னாயா என்று. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இல்லம்மா" என்றாள்.

"என்னது?"

"நடந்ததச் சொன்னேன். நான்தான் எங்கயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன், அதான் அவர் எழுதலன்னு சொன்னேன். அன்னிக்குப் பால்கனியில நின்னு அவர்கிட்டயே கேட்டேன். உனக்கு வாக்குக் குடுத்தேனேம்மான்னார். கோவமாக்கூடச் சொல்லல." கையிலிருந்த டிக்கெட்டை மடித்தாள். "நான் கோவத்துல சொன்னத மூணு வருஷமா ஒருத்தர் காப்பாத்திட்டு இருந்திருக்கார். அவரப் போய் கேள்வி புரியாத ஆளுன்னு நான் எப்படிம்மா சொல்வேன்? எனக்கு வெக்கமா இருக்காதா?"

அம்மா போட்ட சத்தத்தில் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் செய்தால், அவரும் அதையே சொல்லியிருக்கிறார். நேர்காணலில் என்ன சொல்வது என்று ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. ஆளுக்கு ஆள் தன் போக்கில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். மூன்று வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள் என்பது அந்தத் தெருவிலேயே இவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. எல்லாம் போச்சு, மகள் கோப்பு குப்பைக்குத்தான் என்று நினைத்தாள்.

நாலு வாரம் கழித்து இரண்டு பதில் ஒன்றாக வந்தது. மகளுக்கு விசா. அழைப்பவரின் கூற்றும் விண்ணப்பதாரரின் கூற்றும் ஒத்துப்போவதால் காரணம் ஏற்கப்படுகிறது என்று இரண்டே வரி. மனைவியின் கோப்பு நிறுத்திவைப்பு. நேர்காணலில் தவறான தகவல் தந்ததாகத் தெரிகிறது, ஏன் என்று முப்பது நாளுக்குள் சொந்தக் கைப்பட விளக்கம் தர வேண்டும், அதன் மேல் முடிவெடுக்க எட்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், மறுக்கப்படவும் கூடும்.

ஜெராக்ஸ்காரர் வாங்கிப் படித்தார். தவளை தன் வாயால் கெடும் என்று சொல்ல வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மகளுக்குப் பதினெட்டு முடிய ஐந்து வாரம் இருந்தது. இவள் மூன்று நாள் மேசைப் பக்கமே போகவில்லை. அவளுக்குப் பயம். உண்மையைச் சொன்னால் வெறும் பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த மனுஷர் நல்லவர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று வருஷத்தில் மகள் அவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் மூன்று மாதம். அதிலும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுவில் நான் இல்லாமல் இதுகள் எப்படி? மகள் இல்லாமல் நான் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். தான் இல்லாமல் மகள் போக வேண்டியிருக்கும் என்று எந்தக் கட்டத்திலும் அவள் எழுதிப் பார்த்ததில்லை.

நாலாம் நாள் மகளே வந்து, "நான் போறேன்மா. நீ பின்னாடி வந்து சேரு" என்றாள். போகாதே என்று சொல்ல ஒரு நொடி நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளையின் பிழைப்பையும் சேர்த்துக் கெடுக்கவா என்று விழுங்கிக்கொண்டாள். தாயின் சம்மதக் கடிதத்தை மட்டும் அவளே டைப் செய்தாள். பிழை இல்லை.

விமான நிலையத்தில் மகள் கட்டிப்பிடித்து அழுதாள். இவள் அழவில்லை. பாஸ்போர்ட் எந்தப் பையில், அங்கே இறங்கினால் எந்த வரிசை, எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக் கதவு மூடிய பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டு நின்றாள்.

முதல் வாரம் போன் வந்தது. அவர் வேலைக்குப் போன பிறகு பன்னிரண்டு மணிக்குள் ஆறு தரம் கூப்பிட்டு, கதவைப் பூட்டினாயா என்று கேட்கிறாராம், எரிச்சலாக இருக்கிறதாம். இவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, வேலை வந்துவிட்டதே என்று. அவர் தொல்லை கொடுக்க நினைத்திருக்க மாட்டார், பாசத்தில்தான், நான் சொல்லிவைக்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்ல வேணாம்மா. நான் அவர்கிட்டயே சொல்லிட்டேன். சரின்னுட்டார். இன்னிக்கு ஒரு தரம்தான் கூப்பிட்டார்."

"அப்படியா" என்றாள்.

விளக்கக் கடிதத்துக்கு இன்னும் நாலு நாள்தான் பாக்கி. வீட்டில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கம்போல 'அறியாமையினால்' என்று ஆரம்பித்தாள், கோடு போட்டு அடித்தாள். கேள்வி அவளுக்கு நன்றாகப் புரிந்துதான் இருந்தது. யோசிக்க அவகாசமும் கொடுத்திருந்தார்கள். பத்து பேர் கதையைப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறவளுக்கு ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் முழுக்கப் போதவில்லை. கடைசியில் எழுதி முடித்து, அவர்கள் இருவரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். எழுதிவிட்டேன், படிக்கிறேன் கேள் என்றாள்.

"இரும்மா, அவரையும் கூப்பிடுறேன்." போனை நடுவில் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

அவள் படித்தாள்.

"நேர்காணலில் நான் சொன்னது பொய். தெரிந்தேதான் சொன்னேன். என் கணவரும் என் மகளும் ஒருவரைப் பற்றி ஒருவர் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். அதனால் மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் நானே பேசி வந்தேன், அங்கேயும் அப்படித்தான் பேசினேன். அவர்களை நான் நம்பவில்லை. அவர்கள் என்னைவிட நேர்மையாக நடந்துகொண்டார்கள். இதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை."

இப்படி எழுதினால் விசா வருமா வராதா என்று அவளுக்குத் தெரியாது. வேறு யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

"ஒரு வார்த்தை மாத்தாத" என்றார் அவர். "அப்படியே அனுப்பு."

மகள் ஏதோ சொல்ல வந்தாள், முடியவில்லை போலிருக்கிறது. அவர் அவளிடம் தண்ணீர் குடிக்கச் சொல்வது கேட்டது. விமான நிலையத்தில் வராத அழுகை டைப்பிஸ்ட் அக்காவுக்கு அப்போது வந்தது. தாளில் படாமல் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். அவர்கள் இரண்டு பேரும் போனை வைக்காமல் அங்கேயே இருந்தார்கள்.